கொய்னாப் படையல்

என் தாத்தா ஐயாசாமி வாத்தியார் இப்போது சாமியாகிவிட்டார். குளுவாங் டவுனிலிருந்து ஏழு மைல் உள்ளே இருக்கும் எங்கள் ரப்பர் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள். பால்மரங்கள் முடிந்து ஆறு தொடங்குகிற இடத்தில் இடுகாடு. அதில் மஞ்சள் பூசிய ஒரு கல். அதுதான் அவர். பேய் இல்லை, பிசாசு இல்லை, காத்து கருப்பு ஒன்றும் இல்லை என்று இருபத்திரண்டு வருஷம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திய மனிதரை ஒரு கல்லுக்குள் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். அதில் எனக்கும் பங்கு உண்டு. சின்னப் பங்கு என்று சொல்லி நழுவ முடியாது.

என் பெயர் சந்திரமதி. அவருடைய மகள் வயிற்றுப் பேத்தி. தோட்டத்து ஆயாக்கொட்டகையில் எனக்கு வேலை. விடியுமுன் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஓடுகிற பெண்கள் பிள்ளைகளை என்னிடம் போட்டுவிட்டுப் போவார்கள். மரத்தில் பட்டை வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் ஊற்றிவிட்டு அவர்கள் திரும்பும்வரை முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கும் நான்தான் தாய், தகப்பன், காவல்காரி எல்லாம். என் புருஷன் ரப்பர் விலை விழுந்த காலத்தில், ஆள் குறைத்தபோது, ஊருக்குக் கப்பல் ஏறினவர். முதல் வருஷம் மூன்று கடிதம் வந்தது. அடுத்த வருஷம் ஒன்று. அப்புறம் தபால்காரனைப் பார்ப்பதையே நான் விட்டுவிட்டேன். இந்தக் காரியம் நடந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. இடுப்பைக் கேட்டிருந்தால் அறுபது என்று சொல்லியிருக்கும். நான் செய்ததற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். உண்மையான காரணம் அலுப்பு. பேசிப் பேசி அலுத்துப்போனவள் செய்த காரியம் அது.

தாத்தா திருச்சிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சயன்ஸ் வாத்தியாராக இருந்தவர். ஹெட்மாஸ்டரோடு ஏதோ தகராறு. எதைப் பற்றித் தகராறு என்று கேட்டால், "அந்த ஆளுக்குப் பூமி சுத்துறதுல இஷ்டமில்ல" என்பார். பாட்டி அப்போதே இறந்துவிட்டிருந்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில் கல்யாண வயதுப் பெண்ணோடு இந்தத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். பெண்ணை ஸ்டோரில் கணக்கு எழுதுகிற கிராணிக்குக் கட்டிக்கொடுத்தார். மறு வருஷம் நான் பிறந்தேன்.

அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட கொட்டகைதான் பள்ளிக்கூடம். எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் சொல்லிக் கொடுத்தால் போதும் என்பதுதான் மேலிடத்து உத்தரவு. தாத்தா அதைப் பத்து மணிக்குள் முடித்துவிடுவார். அதற்கு மேல் சயன்ஸ். கப்பலில் உடையாமல் தப்பிய மூன்று கண்ணாடிக் குழாய், ஒரு பூதக்கண்ணாடி, இவ்வளவுதான் அவருடைய சொத்து. குளிர்க் காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொய்னா மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து, ரப்பர்ப்பாலை உறைய வைக்கிற திராவகத்தில் ஒரு சொட்டு விட்டு, குழாயை வெயிலில் தூக்கிப் பிடிப்பார். தண்ணீரின் ஓரத்தில் மெல்லிய நீல வெளிச்சம் ஒன்று ஓடும். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். "மந்திரம் இல்லடா. வாயை மூடிக்கிட்டு ஏன்னு கேளு" என்பார். வாயை மூடிக்கொண்டு எப்படிக் கேட்பது என்று யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

அவர் பிள்ளைகளை அடிக்க மாட்டார். தப்புச் செய்தவனை நிற்க வைத்து, அந்தத் தப்பு எங்கே தொடங்கியது, அதற்குக் காரணம் என்ன, அந்தக் காரணத்துக்கு எது காரணம் என்று ஒரு மணி நேரம் பேசுவார். "ரெண்டு அடி குடுத்து விட்டுருங்க சார்" என்று பையன்கள் கெஞ்சியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு லயத்து வரிசை வீடுகளைச் சுற்றியிருக்கும் குட்டைகளில் கொசு சாக மண்ணெண்ணெய் ஊற்றப் போவார். சிரங்கு பிடித்த பிள்ளையைத் தன் மடியில் போட்டுக் கழுவுவார். கடிதம் எழுதுவது, வந்த கடிதத்தைப் படித்துச் சொல்வது, அதைக் கேட்டு அழுகிறவளோடு சேர்ந்து சும்மா உட்கார்ந்திருப்பது, எல்லாம் அவர்தான். தோட்டத்தில் ஐந்து கங்காணிகளும் ஒரு துரையும் இருந்தார்கள். ஆனால் ஒருவருக்கு ஒன்று என்றால் கால்கள் தாமாக வாத்தியார் வீட்டுப் பக்கம்தான் திரும்பும்.

ஒரே ஒரு விஷயத்தில் அவர் கல். பிள்ளைகளிடம் பொய்க் காரணம் சொல்லக்கூடாது. மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர் ஒரு தடவை, "இனிப்புடா, குடி" என்று ஒரு பிள்ளையிடம் சொல்லிவிட்டார். தாத்தா கிண்ணத்தையே பிடுங்கிக்கொண்டார். "கசக்கும். ரொம்பக் கசக்கும். இருந்தாலும் குடி" என்றார். அந்தப் பிள்ளை மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு குடித்தது.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் என் அம்மா. எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது அவளுக்குக் குளிர்க் காய்ச்சல் வந்தது. லயத்துப் பெண்கள் கூடி, பூசாரியிடம் கயிறு மந்திரித்துக் கட்டி ஒரு நாள் பார்க்கலாம் என்றார்கள். அப்பாவும் அதையே சொன்னார். தாத்தா எவ்வளவோ பேசிப் பார்த்துவிட்டு, கடைசியில் சரி, ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டார். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். பாதி வழியில் அவள் போய்விட்டாள். அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டு தங்காக் பக்கம் போனார். என்னைத் தாத்தாவே வளர்த்தார். வருஷத்துக்கு ஒரு தடவையாவது, சோற்றில் கையை வைத்துக்கொண்டு, "ஒரு நாளைக் குடுத்துட்டேன் சந்திரமதி" என்பார். நான் குழம்பை அவர் பக்கம் நகர்த்துவேன்.

அதற்குப் பிறகுதான் பூசாரியோடு அவர் சண்டைக்கு நின்றார். பூசாரி கையில் கற்பூரம் ஏந்தி அருள்வாக்குச் சொன்னால், மறுநாள் தாத்தா பள்ளிக்கூடத்தில் தன் கையில் கற்பூரத்தை ஏற்றிக் காட்டுவார். அனல் மேல் பக்கம்தான் போகும், ஈரக்கையில் அடிப்பக்கம் உடனே சுடாது, கையை ஆட்டிக்கொண்டே இருந்தால் முப்பது எண்ணும்வரை யாராலும் தாங்க முடியும் என்று நிதானமாக எண்ணிக்கொண்டே சொல்வார். இருபத்தொன்பதாம் வருஷம் சூரிய கிரகணத்தன்று தோட்டமே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தது. அவர் மட்டும் கரி பிடித்த கண்ணாடியோடு நடுத்திடலில் நின்று, வாழைப்பழமும் தின்றார். நான்கு வருஷம் கழித்து, ஒரு மத்தியானம், வகுப்பில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நெஞ்சு நின்று செத்துப்போனார். கிரகணத்தில் தின்ற பழம்தான் என்று ஒரு கிழவி சொன்னாள். நான் அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன்.

மறுநாள் ஒருவரும் மரம் வெட்டப் போகவில்லை. துரையும் சவப்பெட்டியோடு நடந்து வந்தார். சவக்குழிக்கு மேலே கல் வைக்கலாமா என்று பெரிய கங்காணி என்னிடம் கேட்டார். வேண்டாம் என்று தாத்தா சொல்லியிருந்தார். எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, மறுத்துப் பேச அலுப்பு. "வைங்க" என்று சொல்லிவிட்டேன்.

கல் கொஞ்ச நாள் கல்லாகத்தான் இருந்தது. பிறகு வெள்ளையம்மா என்ற ஒரு பெண், காய்ச்சலோடு போய் அந்தக் கல்லைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறாள். மறுநாள் அவளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. குளிர்க் காய்ச்சல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது, விட்டுத்தான் தீரும். ஆனால் அதை யார் கேட்டார்கள்? முதலில் விளக்கு வந்தது. அப்புறம் மஞ்சள். அப்புறம் வெள்ளிக்கிழமை வந்தது. வாத்தியார் போய் சயன்ஸ் தாத்தா ஆனார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். மனிதர்களுக்கு அவர் மேல் இருந்த பிரியம் எங்காவது போய்ச் சேர வேண்டாமா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

முப்பத்தைந்தாம் வருஷம் மழைக்கு முன்னாலேயே காய்ச்சல் அதிகமாகிவிட்டது. ஆட்குறைப்புக்குப் பிறகு மூன்று தோட்டத்துக்கும் சேர்த்து ஒரே டிரெஸ்ஸர், மூர்த்தி என்பவர். முன்பெல்லாம் பெரட்டில் ஒவ்வொருவர் வாயிலும் மாத்திரையைப் போட்டு, விழுங்கினதைப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமை ஒரு வாரத்துக்கான கொய்னாவைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு அவர் சைக்கிளில் அடுத்த தோட்டத்துக்கு ஓட வேண்டும். ஒரு நாள் ஆயாக்கொட்டகை வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு என்னிடம் புலம்பினார்.

"அலமாக், எத்தன பொட்டலம் குடுக்குறேன் தெரியுமா? குடுக்கக் குடுக்கக் காய்ச்சக்காரங்க கூடிக்கிட்டே போறாங்க. மாத்திர எங்கதான் போவுது?"

அது எங்கே போகிறது என்பதை அந்த ஞாயிற்றுக்கிழமை நானே பார்த்தேன். தாத்தாவின் கல்லுக்கு முன்னால் வாழையிலை விரித்திருந்தது. அதில் பூ, ஒரு சீப்பு வாழைப்பழம், நடுவில் வரிசை வரிசையாகக் கொய்னா மாத்திரை. முந்தைய வாரத்து மாத்திரைகள் மழையில் கரைந்து கல்லடியில் வெள்ளையாகப் படிந்திருந்தன. பழத்தில் எறும்பு மொய்த்தது. மாத்திரைப் பக்கம் ஓர் எறும்பும் போகவில்லை. வெள்ளையம்மா பயபக்தியோடு இன்னும் இரண்டை வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இது?" என்றேன்.

"முனியாண்டிக்குச் சுருட்டு வக்கல? அது மாதிரிதான். தாத்தாவுக்குப் புடிச்சது கொய்னாதானே. உசுரோட இருக்கப்ப மூச்சுக்கு முப்பது தடவ அதத்தானே சொன்னாரு."

"திங்கச் சொன்னாருக்கா. வைக்கச் சொல்லல."

"படச்சிட்டு எடுத்துக்கலாம்னுதான் பாக்குறோம். மழ பேஞ்சு கரஞ்சி போயிருது. அவரு ஏத்துக்கிட்டாருன்னு அர்த்தம்."

நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வரவில்லை. அவரிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்ல அவர் இல்லை என்பது புதிதாக உறைத்தது.

ஒரு மாதம் லயம் லயமாக ஏறி இறங்கினேன். விடியலிலிருந்து பிள்ளைகளோடு மல்லுக்கட்டிவிட்டு, சாயங்காலம் இந்த வேலை. கொசுவைப் பற்றிச் சொன்னேன், மருந்தைப் பற்றிச் சொன்னேன், என் அம்மாவைப் பற்றிக்கூடச் சொன்னேன். வாத்தியார் பேத்தி என்பதால் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்கள். தலையாட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் இலையில் மாத்திரை கூடியிருந்தது. நான் போய் வந்த வீட்டுக்காரர்கள் எனக்காகவும் சேர்த்து இரண்டு வைத்திருந்தார்கள்.

பேச்சியம்மாளுடைய மகள் செல்லத்துக்கு அப்போது மூன்று வயது. ஒரு செவ்வாய்க்கிழமை பேச்சியம்மாள் அவளைக் கொண்டுவந்து விட்டபோதே உடம்பு சுட்டது. பதினொரு மணிக்குப் பிள்ளைக்கு வலிப்பு வந்து கண் மேலே செருகிக்கொண்டது. நான் ஆளை அனுப்பி மூர்த்தியை வரவழைத்தேன். அவர் வந்து இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு முகம் வெளுத்தார்.

"தலைக்கு ஏறிருச்சு. இங்க என்னால ஒண்ணும் முடியாது. குளுவாங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயி ஊசி போடணும். மூணு மணி லோரிய விட்டா நாளைக்குத்தான். நாளைக்கு வரைக்கும் தாங்காது."

ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு ரயிலுக்குப் போகிற லோரி அது. தோட்டத்திலிருந்து வெளியே போக அது ஒன்றுதான். ஏற்பாடு செய்ய அவர் ஆபீசுக்கு ஓடினார். நான் மற்றப் பிள்ளைகளைப் பார்க்கத் திரும்பிய நேரத்தில், வேலை முடித்து வந்த பேச்சியம்மாள் செல்லத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எங்கே போயிருப்பாள் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டரை மணி இருக்கும். கல்லுக்கு முன்னால் துணி விரித்துப் பிள்ளையைக் கிடத்தியிருந்தார்கள். நாற்பது ஐம்பது பேர் சுற்றி நின்றார்கள். பெரிய கங்காணி கற்பூரத் தட்டோடு நின்றார். செல்லத்தின் அப்பா மணியம் ஒரு மரத்தில் சாய்ந்துகொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு முன்னாலேயே மூர்த்தி வந்து, போலீசைக் கூப்பிடுவேன், துரையிடம் சொல்லி வேலையை விட்டே தூக்குவேன் என்று கத்திக் காரியத்தைக் கெடுத்து வைத்திருந்தார். கூட்டம் நெருங்கி நின்று அவரை வெளியே தள்ளிவிட்டது.

நான் பேச்சியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தேன். குடத்துத் தண்ணீரில் துணியை நனைத்துப் பிள்ளையின் நெற்றியில் போட்டேன்.

"பேச்சி, லோரி நிக்குது. நானும் வர்றேன். வா."

"வேணாங்கா. மூத்தவன ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டுப் போனோம். அஞ்சு நாள் காய்ச்சலுக்கு அப்புறம் போனோம், திரும்பி வரல. இவள விடமாட்டேன். வெளக்கு வக்கிற வரைக்கும் தாத்தா காலடில போட்டு வச்சா அவரு பாத்துக்குவாரு."

"அவரு இருந்தா அவரே தூக்கிட்டு ஓடியிருப்பாரு பேச்சி."

"அவரு இங்கதாங்கா இருக்காரு" என்றாள், கல்லைக் காட்டி. அவள் குரலில் கோபம் இல்லை. அவ்வளவு நம்பிக்கையோடு யாரும் என்னிடம் எதையும் சொன்னதில்லை.

லோரிக்காரன் ஹாரன் அடித்தான். பிள்ளையின் கை என் கைக்குள் வெட்டி வெட்டி இழுத்தது. ஒரு மாதமாக நான் சொன்ன காரணங்கள் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக மனதில் வந்தன. அவற்றில் ஒன்றைக்கூட மறுபடி சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. இந்தக் கூட்டத்தில் யார் பேச்சு எடுபடும் என்று பார்த்தேன். டிரெஸ்ஸர் பேச்சு இல்லை, என் பேச்சு இல்லை. கல்லின் பேச்சு ஒன்றுதான்.

கொண்டையை அவிழ்த்துவிட்டேன்.

சாமி வந்து அப்படி ஆடுகிறவர்களைச் சின்ன வயதிலிருந்து எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். முதலில் பல்லைக் கடிக்க வேண்டும், தோள் நடுங்க வேண்டும், மூச்சு சீற வேண்டும். வெட்கம் பிடுங்கித் தின்றது. சிரித்துத் தொலைத்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. ஆனால் நடுங்கத் தொடங்கியதும் உடம்பு நிற்கவில்லை. தாத்தா செத்து இரண்டு வருஷமாக அழ நேரமில்லாமல் அடக்கி வைத்திருந்தது எல்லாம் கிளம்பி வந்துவிட்டது. அதில் சாமியும் இல்லை, ஆவியும் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அது நடிப்பு. அழுகை மட்டும் நிஜம்.

எழுந்து கல்லின் தலையில் ஓங்கித் தட்டினேன், அவர் வகுப்பில் மேசையைத் தட்டுகிற மாதிரி. "கவனி!" என்றேன்.

கூட்டம் அப்படியே அடங்கியது. அவருடைய பாதி மாணவர்கள் அதில் இருந்தார்கள். இரண்டு பேர் தம்மை அறியாமல் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

"எவன்டா எனக்குக் கொய்னா வச்சது? செத்தவனுக்கு ஏதுடா காய்ச்சல்? எனக்கு எதுக்குடா மருந்து?"

பெரிய கங்காணி சும்மா நம்பிவிடுகிற ஆள் இல்லை. அருள் வந்தால் சோதித்துப் பார்ப்பதுதான் வழக்கம். "வந்திருக்கிறது எங்க வாத்தியார்தானா? மெய்யின்னா ஏந்திக் காட்டு" என்று ஒரு கட்டிக் கற்பூரத்தை ஏற்றி என் முன்னால் நீட்டினார். என் கை துணி நனைத்த ஈரத்தோடு இருந்தது. வாங்கிக்கொண்டேன். கையை ஆட்டிக்கொண்டே மனதுக்குள் எண்ணினேன். முப்பதுவரை எண்ணி அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்ததை வைத்து அவரையே சாமியாக்கிக்கொண்டிருந்தேன். முப்பதுக்குள் கங்காணி கும்பிடவில்லை. நாற்பத்தொன்றில்தான் கையைக் கூப்பினார். அதற்குள் உள்ளங்கை வெந்துவிட்டது.

"புள்ளய எதுக்குடா தரையில போட்டு வச்சிருக்கீங்க? தூக்கு. லோரில ஏத்து. ஆஸ்பத்திரி வாசல்ல எனக்குக் கல்லு வேணாம், நானே முன்னாடி போயி நிக்கிறேன். ஊசி போடுறவன் கையில நான் இருப்பேன்."

பேச்சியம்மாள் "தாத்தா" என்று அலறிக்கொண்டு என் காலில் விழுந்தாள். பிள்ளையைத் தூக்கியது மணியம். தூக்குமுன் என் உள்ளங்கையைப் பார்த்தான், பிறகு என் முகத்தைப் பார்த்தான். பள்ளிக்கூடத்தில் அவனும் நானும் ஒரே வகுப்பு. தாத்தா கற்பூரம் ஏந்திக் காட்டிய அன்று எனக்கு அடுத்து உட்கார்ந்து சேர்ந்து எண்ணியவன் அவன். பிள்ளையோடு லோரியை நோக்கி ஓடினான்.

மற்றவர்கள் நின்றார்கள். "தாத்தா, கொய்னா வேணாம்னா வேற என்ன படைக்கட்டும்?" என்று வெள்ளையம்மா கைகூப்பிக் கேட்டாள். நான் அதை யோசித்திருக்கவில்லை. ஆனால் வாய் தயாராக இருந்தது.

"என் முன்னாடி நீங்க முழுங்கணும். அதுதான் படையல். தெனமும் பெரட்டுக்குப் போறதுக்கு முன்னாடி இங்க வந்து முழுங்கு. ஒருத்தன் கடவாயில ஒதுக்கினாலும் எனக்குத் தெரியும்."

இலையில் இருந்த மாத்திரைகளை ஆளுக்கு ஒன்றாக எடுத்து, முகத்தைச் சுளிக்காமல் விழுங்கினார்கள். ஒரு மாதம் நான் சொல்லி நடக்காதது ஐந்து நிமிஷத்தில் நடந்தது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கல்லடியில் சரிந்து விழுந்தேன். மலையேறிவிட்டது என்றார்கள்.

செல்லம் பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்தாள், மொட்டைத் தலையோடு, சிடுசிடுப்போடு. அன்றைக்கு மணியம் ஆயாக்கொட்டகைக்கு வந்து, வாசலில் நின்று தலையைச் சொறிந்தான்.

"எனக்குத் தெரியும் சந்திரமதி" என்றான்.

"தெரிஞ்சும் ஏன் மரத்துல சாஞ்சுகிட்டு நின்னே? நீ சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன். வீட்டுல ராத்திரி பூரா சொன்னேன். பேச்சி காதுல ஏறணும்ல." கொட்டகைக்குள் விளையாடுகிற பிள்ளைகளைப் பார்த்தான். "சமயத்துல எனக்கே, ஒருவேள அவரு இருந்தாலும் இருப்பாரோன்னு வந்துருது. நீ கோவிச்சுக்காத."

கோபிக்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

அந்த ஒரு ஆட்டத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கதவைத் திறந்தால் வாசலில் பன்னிரண்டு பேர், கற்பூரமும் பூவுமாக. ஏ புள்ள என்று கூப்பிடுகிற பெரிய கங்காணி, "அம்மா, கொஞ்சம் வரணும்" என்றார். முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். அந்த வாரமே சிலர் மாத்திரையை மறுபடி இலையில் வைத்துவிட்டார்கள். தாத்தாவுக்குப் பழைய படையல்தான் பிடிக்குதோ என்று சந்தேகமாம். மூர்த்தி ஓடி வந்தார்.

"இந்த ரெண்டு வாரத்துல காய்ச்ச பாதியாக் கொறஞ்சிருக்கு. படிச்சவன் வாயால சொல்லக்கூடாது, இருந்தாலும் சொல்றேன். வாரத்துக்கு ஒருதரம் ஆடிருங்க லா. புள்ளைங்க பொழைக்கும்."

அதனால் ஆடினேன். வெள்ளிக்கிழமை தவறாமல் இரண்டு வருஷம். வலது கை போதாதென்று இடது கையிலும் தழும்பு. விடியற்காலையில் கல்லுக்கு முன்னால் வரிசை நிற்கும்; விழுங்குகிறார்களா என்று நான் நின்று பார்ப்பேன். அப்புறம் கொட்டகை, முப்பத்திரண்டு பிள்ளை, சாயங்காலம் வயிற்று வலிக்காரர்கள், மாடு காணாமல் போனவர்கள், மாப்பிள்ளை அமையாதவர்கள். எல்லோருக்கும் தாத்தா பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த இரண்டு வருஷத்தில் எங்கள் தோட்டத்தில் குளிர்க் காய்ச்சலுக்கு ஒரு பிள்ளையையும் நாங்கள் புதைக்கவில்லை. இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் மனம் ஆறுவதில்லை.

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை, வழக்கம்போல விடிகாலை வரிசை. செல்லத்துக்கு இப்போது ஐந்து வயது, அடுத்த வருஷம் பள்ளிக்கூடம். இந்த வருஷம்தான் அவளுக்கும் மாத்திரை தொடங்கியிருக்கிறது. பேச்சியம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, கல்லைக் கும்பிட்டு, மாத்திரையை என்னிடம் நீட்டினாள். செல்லம் என் கையில் இருந்த மாத்திரையைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஆயா, காய்ச்ச ஏன் வருது?"

இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. வரிசையில் முப்பது பேர் நின்றார்கள். பேச்சியம்மாளும் நான் சொல்லப் போவதைக் கேட்க முகத்தை என் பக்கம் திருப்பினாள். கொசு என்று நான் வாயைத் திறந்தால், அப்புறம் இந்தக் கல் எதற்கு, இந்த வரிசை எதற்கு என்று அவர்களுக்கு ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் வருவதற்குள் மாத்திரை மறுபடி இலைக்குப் போய்விடும். மழைக்காலம் இன்னும் பத்து நாளில். நான் குனிந்து அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேராக என் முகத்தை வைத்துக்கொண்டேன்.

"தாத்தாவுக்குக் கோவம் வந்தா வரும்" என்றேன்.

அன்று வெள்ளிக்கிழமை இல்லை. கொண்டை அவிழ்ந்திருக்கவில்லை. என் சொந்தக் குரலில்தான் சொன்னேன்.